கடை மூடிய வருஷத்துப் போர்ட்

சேரம்பாடியை விட்டு நடந்தபோது விடுதி நாய் மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது. தேயிலைத் தோட்டத்து நடுவிலிருந்த அந்த விருந்தினர் விடுதியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். மழை மாதம், விருந்தாளி இல்லை, கழுவத் தட்டும் இல்லை. சும்மா இருக்கும் கையைப் பார்க்க முதலாளிக்கும் கூச்சம், காட்ட எனக்கும் கூச்சம். காலையில் பையை எடுத்துக்கொண்டு "வரேங்க" என்றேன். அவர் "சரி" என்றார். நாய்தான் என்ன ஏதென்று கேட்பது போல வளைவு வரை வந்து, மழை வலுத்ததும் திரும்பிவிட்டது.

எங்கள் கமுதிப் பக்கம் நடப்பவனுக்கு முள்தான் தொந்தரவு. இங்கே அட்டை. முள் குத்தினால் அப்போதே தெரியும். அட்டை கடிப்பது, அது குடித்து முடித்துப் போன பிறகு வேட்டி சிவந்தால்தான் தெரியும். பக்கத்துப் பாத்தியில் பிளாஸ்டிக் தாளைத் தலைக்குப் போர்த்திக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, இடுப்பில் முடிந்து வைத்திருந்த உப்பைக் கொஞ்சம் கொடுத்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவராம். பேச்சிலேயே தெரிந்தது.

"லயத்துப் பக்கம் வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். எங்க போறீங்க?"

"தெரியலம்மா."

"அந்த ஊருக்கு இந்தப் பாதையில பஸ் வராதே" என்றார் சிரிக்காமல். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் சிரித்தார்கள்.

லயம் என்ற அந்த வரிசை வீட்டில் தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு கூடலூருக்குப் பஸ் கிடைத்தது. அங்கே மலையாளக் கடையில் பரோட்டாவும் கடலைக் குழம்பும். கடைக்காரர் "இனி எங்கோட்டா?" என்று கேட்டார். இந்த மலையில் எல்லாருக்கும் அதே கேள்விதான். பேருந்து நிலையத்தில் படுத்தேன். கொசு இல்லை, குளிர்தான். இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால் நான் கொசு என்றுதான் சொல்வேன். அதை அடிக்கவாவது முடியும்.

மறுநாள் ஊட்டிப் பஸ் நடுவட்டம் தாண்டியதும் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிப்போய் எஞ்சினைப் பார்த்தார். ஓட்டுநரும் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு முன் இருக்கையில் வெள்ளைத் துண்டு கட்டிய இரண்டு படுகப் பெண்கள் பேசிச் சிரித்தார்கள். என்னவென்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். இந்த வண்டியை நம்புவதற்குத் தன் மருமகனையே நம்பலாம் என்று ஒருத்தி சொல்ல, உன் மருமகனும் இந்த இடத்தில்தானே நிற்பான், சாராயக் கடை எதிரில்தானே இருக்கிறது என்று மற்றவள் சொன்னாளாம்.

கேரட் ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி என்னை ஏற்றிக்கொண்டது. மண்ணோடு பிடுங்கிய கேரட் மூட்டை மேல் உட்கார்ந்து, துடைத்துத் துடைத்து வயிறு நிறையத் தின்றேன். ஊட்டிக்கு முன்னால் கேரட் கழுவும் பட்டறையில் வண்டி நின்றது. இறக்கக் கை கொடுத்தேன். படுக்கச் சாக்கு கொடுத்தார்கள். காலையில் குன்னூர்ப் பஸ் ஏறினேன். ஏன் குன்னூர் என்றால், அந்தப் பஸ்ஸில்தான் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கம்பளி பனியனும் போட்ட ஒருவர், மடியில் சின்ன வெங்காயப் பையோடு உட்கார்ந்திருந்தார். கேத்தி வளைவில் பை கிழிந்தது. பஸ் இடப்பக்கம் திரும்பினால் வெங்காயமும் இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம். நான் குனிந்து, தவழ்ந்து, கால்களுக்கு நடுவே புகுந்து பொறுக்கினேன். "ஏனுங்க, என்ற செருப்புக்குள்ள ரெண்டு இருக்குது, அதையும் எடுத்துக்கோங்க" என்று ஓர் அம்மா காலை நீட்டினார்.

பொறுக்கியதை என் துண்டில் கட்டிக் கொடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"கமுதிப் பக்கம்."

"குன்னூர்ல சொந்தபந்தம் இருக்குதுங்களா?"

"யாரும் இல்ல."

"எங்க பங்குக் கோயில்ல யாரையாச்சும் தெரியுமுங்களா? ஃபாதரு? கோயில் பிள்ளை?"

"தெரியாது."

"டீ மேக்கர் சவரிமுத்துன்னு பேராவது கேட்டதுண்டா?"

"இல்லீங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பக் கெளம்புங்க. ஊட்டுக்கு வந்து ரசம் ருசி பாத்துச் சொல்லோணும். சோறு போட்டர்றோம்."

ஆளைத் தெரியாது என்பதற்காக யாரும் என்னை அதுவரை வேலைக்குக் கூப்பிட்டதில்லை. ஆனால் ரசம் என்றால் சோறும் உண்டு. முந்தின நாளிலிருந்து கேரட் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. வெங்காய மூட்டையை நானே தோளில் வைத்துக்கொண்டேன்.

குன்னூர் மலையில் ஒட்டவைத்த ஊர். ஒரு வீட்டுக் கூரையும் அடுத்த வீட்டு வாசலும் ஒரே உயரம். படிக்கட்டு ஏற ஏற அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பெயர் ரபேல். அண்ணன் சவரிமுத்து எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்தவர். இவர் அண்ணனுக்குக் கீழே அசிஸ்டெண்ட். அண்ணன் போய்ச் சில வருஷம் ஆகிறது. அண்ணன் மகள் செலினுக்குப் புதன்கிழமை கல்யாணம். இன்று காலைப் பூசையில்தான் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுக்கிறோம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பதுதான் ஓலை.

"தடை யாரும் சொல்லலீங்க. தடையெல்லாம் ஊட்டுக்குள்ளதான்" என்றார்.

வீட்டில் ரசம் வாசனை இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். பிலோமினா, சவரிமுத்துவின் மனைவி.

"இவரு யாருங்க கொழுந்தனாரே?"

"வெளி ஆளுங்க அண்ணி. சுத்தமான வெளி ஆளு. அண்ணன் பேரைக்கூடக் கேட்டதில்லையாம்."

அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எங்கூட்டுக்காரரு பேரைக் கேக்காதவரா?" என்றார். ஆனாலும் "உக்காருங்க தம்பி" என்று பலகையைத் தள்ளினார்.

"சாப்பாடு..." என்று ரபேல் இழுத்தார்.

"சோறு தின்னா நாக்கு மந்தமாயிரும். மொதல்ல ரசம்."

உள்ளேயிருந்து கைப்பிடி இல்லாத வெள்ளைக் கோப்பைகள் வந்தன, தேயிலை ஃபேக்டரியில் டீ ருசி பார்க்கும் கோப்பைகள். அடியில் கொஞ்சம் கறுஞ்சிவப்புத் தண்ணீர். மோந்து பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. கோயில்காரர்கள் ஒயினைத் திராட்சை ரசம் என்பார்கள். வேகமாகப் பேசும்போது திராட்சை விழுந்து வெறும் ரசம் ஆகிவிடும். என் சோறும் அதோடு விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். சவரிமுத்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ரசம் போடுவார். மற்ற வீடுகளில் போடுவது போல அல்ல. ஒரு பங்களா பட்லரிடம் கேட்டுக்கொண்ட பக்குவம். கறுப்புத் திராட்சையைப் பிசைந்து சர்க்கரையும் கோதுமையும் போட்டு, பாதி நுரைத்து வரும்போதே பிராந்தி ஊற்றி அதை அடக்கிவிடுவார். இனிப்பு தங்கும், காரமும் ஏறும், பல வருஷம் கெடாது. இதற்குப் போர்ட் என்று பெயர். மலையில் அவர் ஒருவர்தான் இதை ஒழுங்காகச் செய்தார் என்று வீட்டார் சொல்கிறார்கள். நான் வேறு எதையும் குடித்துப் பார்க்காததால் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் விட்டுப்போனதில் நாலு வருஷத்துச் சரக்கு மிச்சம். பாட்டில் கழுத்தில் அந்தந்த வருஷத்து கிறிஸ்துமஸ் சேலையில் கிழித்த துணி கட்டியிருக்கும். நாலாவது மட்டும் பாட்டிலில் இல்லை. அலமாரிக்குக் கீழே, வாயில் துணி கட்டி மைதா மாவு பூசிய ஒரு பீங்கான் ஜாடியில் இருந்தது. கொரோனாவுக்குக் கடையெல்லாம் மூடிய வருஷம் போட்டது. கம்பத்துத் திராட்சை வாங்க ஆளில்லாமல் வண்டி வண்டியாகக் கிடந்ததாம், நிறையப் போட்டாராம். அதுதான் அவர் கடைசியாகப் போட்டது. கல்யாணத்தில் கேக் வெட்டியதும் எல்லார் கையிலும் ஒரு வாய் கொடுப்பார்களே, அதற்கு அப்பா கடைசியாகப் போட்டதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது செலினின் ஆசை. அளவும் அதில்தான் சரியாக இருந்தது.

"சாராயக் கடையும் அப்ப மூடித்தானே கெடந்துச்சு? பிராந்திக்கு எங்க போனாரு?" என்று ரபேல் என் காதில் சொன்னார். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னாடி கோப்பையைத் தூக்கிட்டு மூஞ்சியைச் சுளிச்சா எப்படி இருக்கும்? அண்ணி ஜாடியைத் தெறக்கவே விடலீங்க. பங்குல யாரைக் கூப்பிட்டாலும் சவரிமுத்து கை வெச்சதுன்னா அமிர்தம்னு சொல்லிருவாங்க. வெளி ஆளு ஒருத்தரு சொன்னா ஒத்துக்கறேன்னு அண்ணி இன்னைக்குத்தான் எறங்கி வந்தாங்க."

செலின் திரைக்குப் பின்னாலிருந்து ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவள். வெள்ளிக்கிழமைதான் லீவில் வந்திருக்கிறாள். எந்தக் கோப்பை எந்த வருஷம் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது.

முதல் கோப்பையை நான் ஒரு மிடறு விழுங்கினேன். ரபேலோ வாயைக் குவித்து, பஸ் ஏர் பிரேக் போலச் சத்தத்தோடு உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, பெயிண்ட் வாளியில் பளிச்சென்று துப்பினார்.

"துப்பறதைப் பாரு!" என்று பிலோமினா அக்கா பூண்டைக் கீழே வைத்தார். "அவரு வருசக்கணக்கா வெச்சுக் காப்பாத்துனதை வாளியில துப்பறாரு!"

"டீ அப்படித்தானுங்க அண்ணி பாக்கறது. முழுங்குனா ருசி தெரியாது."

"பூசையிலயும் துப்புவீங்களா?"

"பாடி இருக்குது, பிரைட்டாவும் இருக்குது" என்று ரபேல் காதில் வாங்காமல் சொன்னார். "கொஞ்சம் பிரிஸ்க் கம்மி."

"அடுத்து பால் ஊத்திப் பாப்பீங்களா சித்தப்பா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. முதல் கோப்பை, நாட்டுச் சர்க்கரைப் பாகில் திராட்சையை ஊறப்போட்டது போல இருந்தது. நாக்கில் ஒட்டியது. இரண்டாவது, விழுங்கும்போது இனித்தது, தொண்டையில் சுட்டது, கடைசியில் பாக்கு மென்றது போலத் துவர்த்தது. வெறும் வயிற்றில் அது இறங்கும் வழி முழுவதும் தெரிந்தது. மூன்றாவது பாயசம். அப்படித்தான் சொன்னேன். "பாயசம் நல்லாத்தான் இருக்குக்கா, ஆனா இது பாயசம்."

ரபேலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செலின் வெளியே வந்து வருஷத்தை உடைத்தாள். முதலாவது, மண் சரிந்த வருஷம். மேட்டுப்பாளையம் பாதை அடைத்து, லாரி பர்லியாறில் நின்று, திராட்சை பாதி காய்ந்து வந்ததில் போட்டது. ரபேலுக்குப் பிடித்தது அதுதான். இரண்டாவது கரடி வருஷம். சமையலறைக் கதவை உடைத்து உள்ளே வந்த கரடி, எண்ணெயைத் தேடியது போக இந்த ஜாடியையும் கவிழ்த்துக் குடித்துவிட்டு, விடிந்த பிறகும் தேயிலைச் செடிக்குள் படுத்துக் கிடந்ததாம். மிஞ்சியது ஒரே ஒரு பாட்டில். செலின் அதன் கட்சி. மூன்றாவது ஏலக்காய் வருஷம். சவரிமுத்து ஷிப்டுக்குப் போயிருந்தபோது, வாசனையாக இருக்கட்டும் என்று பிலோமினா அக்கா ஒரு பிடி ஏலக்காயை இடித்துப் போட்டுவிட்டார்.

"அவிய எங்கூட ஒரு மாசம் பேசலை" என்றார் அக்கா. "ஆனா குடிச்சது என்னமோ அவியதான். பாயசம்னு சொன்னது மூணாவதுங்களா தம்பி?"

"மூணாவதுதான்க்கா."

"வெளி ஆளுன்னா இப்படித்தான் இருக்கும்" என்றார் கொழுந்தனாரிடம்.

எல்லாரும் சிரித்து முடித்தபோது நாலாவது கோப்பை எங்கள் நடுவில் இருந்தது. ஜாடியின் மாவை உடைத்ததை அக்கா பார்த்திருந்தார். பூண்டு உரிப்பது நின்றுவிட்டது. ரபேலும் கோப்பையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

நிறம் நன்றாக இருந்தது. மற்ற மூன்றையும்விடத் தெளிவு. வாய் வைத்தேன். புளிப்பு காது வரை ஏறி, கண்ணில் தண்ணீர் கொண்டுவந்தது. நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். சோறு கிடைத்திருக்கும், புதன்கிழமை நான் வேறு ஊரில் இருப்பேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"காடியாயிருச்சுக்கா."

எங்கள் பக்கம் புளித்த கஞ்சித் தண்ணீருக்கும் கெட்டுப்போன கள்ளுக்கும் அதுதான் பெயர். மாட்டுக்கும் வைப்போம். வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனால் பிலோமினா அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க! அது பெரிய வெள்ளிக்கிழமை வார்த்தைங்க. கல்யாண ஊட்டுல நின்னு அதையா சொல்றது?"

ரபேல்தான் விளக்கினார். சிலுவையில் தாகம் என்றவருக்குக் குடிக்கக் கொடுத்தது காடி. வருஷத்தில் அந்த ஒரு நாள் கோயிலில் வாசிக்கும்போதுதான் அவர்களுக்கு அந்த வார்த்தை. நான், "மன்னிச்சிருங்கக்கா, புளிச்சிருச்சுன்னு..." என்றேன்.

செலின் என் கையிலிருந்து கோப்பையை வாங்கினாள். உறிஞ்சவும் இல்லை, துப்பவும் இல்லை. ஒரே மூச்சில் குடித்தாள். முகம் சுருங்கி, தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பாதி அதுதான்.

"அப்பா, என்னப்பா இது" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன்மா. அப்பா போட்டது, அப்பா போட்டதுன்னு."

அக்கா எழுந்துபோய் ஜாடியின் முன் உட்கார்ந்தார். உள்ளே விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"அவிய அப்பவே சொன்னாங்க" என்றார். "பிராந்தி இல்லாம இது நிக்காது பிலோ, கவுத்துப் போட்டுரு, நாளைக்கு நாலு பேரு முன்னாடி என்ற மானம் போயிரும்னு. நாந்தான் கவுக்கலை."

"தெரிஞ்சுக்கிட்டேதான் தெறக்க விடலையா?" என்றார் ரபேல்.

"தெறந்தா கவுக்கோணுமில்ல."

மேல்வீட்டு வாசலில் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் எங்கள் கூரைக்கு மேலே கேட்டது. அக்கா மறுபடியும் விரலை விட்டு ருசி பார்த்தார். இந்தத் தடவை கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்தார், கொழுந்தனார் போல.

"செவ்வாக்கிழமை ராத்திரி விருந்துக்குப் பன்னிக்கறி விந்தாலு தானுங்களே? அதுல ஊத்த வினிகர் வாங்கியாச்சுங்களா?"

"நாளைக்குத்தானுங்க வாங்கோணும்."

"வாங்க வேண்டாம்."

ரபேல் ஜாடியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். செலின்தான் முதலில் புரிந்துகொண்டாள். "அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கப்பா உன்ற கல்யாணத்துக்கு வரோணும், அதுதானே? வரட்டும். கோப்பையில வந்தா மானம் போகும். கறியில வந்தா தட்டை வழிச்சுத் தின்பாங்க."

கேக்குக்கு மண் சரிந்த வருஷம், ஒரு வாய்க்குப் பதில் அரை வாய் என்று முடிவானது. கரடி பாட்டில் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும். ஏலக்காய் வருஷத்தை, அதைப் பாயசம் என்று சொல்லாத விருந்தாளிகளுக்கு அக்கா எடுத்து வைத்தார்.

பிறகு எனக்குச் சோறு போட்டார்கள். பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், நிஜ ரசம். மிளகு தூக்கலாக இருந்தது. தலை நிமிராமல் தின்றேன். விடுதியில் எனக்குச் சம்பளத்தோடு சாப்பாடு உண்டு, ஆனால் போதுமா என்று கேட்க ஆள் இல்லை. இங்கே அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பொய் சொல்லாத வாய் எவ்வளவு தின்னும் என்று பார்க்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

"இனி எங்கீங்க போறது?" என்றார் ரபேல்.

எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன். தெரியலை.

"அப்பப் புதன்கிழமை வரைக்கும் இருங்க. சமையல் மாஸ்டருக்கு ஒரு கை கொறையுது."

மறுநாள் காலையில் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் வேலை தொடங்கியது. அதற்கு முன் நான் பன்றிக்கறியைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப பிசைய நீதான் சரி. திங்க மாட்டே" என்றார். தின்பேன் என்று சொன்னேன். அண்டாவில் கறி, அரைத்த மிளகாய், பூண்டு, சீரகம், பட்டை. முழங்கை வரை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிலோமினா அக்கா ஜாடியைத் தானே தூக்கி வந்தார். யாரையும் தூக்க விடவில்லை. அவர் ஊற்ற ஊற்ற நான் பிசைந்தேன். புளிப்பு ஆவி மூக்கில் ஏறி இருவருக்கும் கண் கலங்கியது. யாருக்கு எதனால் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பாதிக்கு மேல் போனதும் மாஸ்டர் கையை நீட்டினார்.

"போதுமுங்கக்கா."

அக்கா ஜாடியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் தாங்குமுங்களா?"

மாஸ்டர் கறியைப் பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு ராத்திரி வரைக்கும் ஊறுது. சக்கரை போட்டுச் சரி பண்ணிக்கலாம். தாங்கும்."

அக்கா ஜாடியை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க ஊத்துங்க தம்பி."

சாய்த்தேன். தெளிந்தது எல்லாம் போய், அடியில் கறுப்பாக மண்டி நகர ஆரம்பித்ததும் நிறுத்தி, அவரைப் பார்த்தேன்.

"மண்டியும்தான்" என்றார். "தட்டி ஊத்துங்க."

அடியில் தட்டினேன்.